விட்ட மூன்று வரிகள்

மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறதிக்கு எங்காவது ஒரு மன்னிப்பு கிடைக்கும். நான் மறக்கவில்லை. மூன்று வரியையும் படித்தேன், அர்த்தம் புரிந்தது, அப்புறம் என் கையாலேயே விட்டேன். அன்றைக்கு இந்தக் கை நடுங்கக்கூட இல்லை.

இதையே நினைத்தபடி நொபுயே காக்கைவாய்ப் பேனாவை எண்ணெய்க் கல்லில் இரண்டு முறை இழுத்து, நுனியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். அதன் இரண்டு இரும்பு அலகுகளுக்கு நடுவே ஒரு சொட்டு மை நிற்க வேண்டும். ரொம்பக் கூராக இருந்தால் துணியைக் கீறும், மழுங்கினால் கோடு தடித்துவிடும். நாலு வருடமாக, இந்த ஜப்பானியக் கடற்படைத் தளத்தின் வரைபடக் கூடத்தில் அவள் வேலை இதுதான். வரைவாளர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் கஞ்சியேற்றிய மெல்லிய துணியை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் மையில் படியெடுக்க வேண்டும். அந்தத் துணியிலிருந்து நீல நகல்கள் எடுத்துத்தான் கப்பல் கட்டுகிறவர்களுக்கு அனுப்புவார்கள். படியெடுக்கும் பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் ஒருத்திகூட ஒரு நீர்மூழ்கிக் கப்பலை முழுதாகப் பார்த்ததில்லை. வேலைக்கு வருகிற ரயிலிலேயே கடல் பக்கத்து ஜன்னல்களின் மறைப்பை இறக்கிவிட்டிருப்பார்கள்.

ஆனாலும் அறுநூற்று முப்பத்தொன்றாம் எண் கப்பலை அவளுக்குத் தெரியும். நாற்பத்தேழு தாள்களை அவளே படியெடுத்திருந்தாள். அதற்கு எத்தனை விலா எலும்புகள், கழிவறைக் குழாய் எந்த இடத்தில் வளைகிறது, சமையலறை அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்பதெல்லாம் கையில் ஏறிவிட்டது. சண்டைக்கென்று வரைந்த கப்பல் இல்லை அது. தெற்கே தீவுகளில் மாட்டிக்கொண்ட படைகளுக்குக் கடலின் மேற்பரப்பில் எந்தக் கப்பலும் போய்ச் சேர முடியவில்லை. அதனால் டார்பிடோக் குழாய்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கி, தண்ணீருக்கு அடியில் கொண்டுபோகிற மாதிரி வரைந்தார்கள்.

ஐந்தாம் மாத வெயிலில் முதல் தடவை போய்விட்டு வந்தது. வந்த ஆட்கள் ஒரே ஒரு குறை சொன்னார்கள். முன்தளத்தில் சரக்கு இறக்கும் வாய் ரொம்பக் குறுகல். ஒரு மூட்டை ஏறுவதற்குள் விடிந்துவிடும் போலிருக்கிறது, விடிந்தால் மேலே விமானம் வரும். முரொஸுமி என்கிற வரைவாளர் அந்த வாயைப் பெரிதாக்கிப் படம் போட்டார். வாயைப் பெரிதாக்க, கப்பல் உடலைத் தாங்கும் இரண்டு எஃகு விலாக்களை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டின இடத்தில் பலத்துக்கு ஒரு எஃகு வளையம் பொருத்த வேண்டும். வளையம் இன்னும் இரும்பு வார்ப்பாலையிலிருந்து வரவில்லை. அதனால் படத்தின் ஓரத்தில், தன் சாய்ந்த கையெழுத்தில், மூன்று வரி எழுதினார்: இந்த வாய்க்கு வளையம் பொருத்தும் வரை, எந்தக் காரணத்துக்காகவும், அறுபது மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது.

அந்தத் தாள் நொபுயேவின் மேசைக்கு வந்த நாள், ஏழாம் மாதம் பதினாலாம் தேதி. வியர்வை பட்டால் துணி சுருங்கிவிடும் என்று மணிக்கட்டில் துண்டு சுற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கூடத்தின் தலைமைப் பொறியாளர் கனெஷிகே வந்து நின்று, அந்த மூன்று வரியின் மேல் விரலை வைத்தார்.

“இதை விட்டுடும்மா. வளையம் பத்து நாள்ல வந்துடும். இந்தக் குறிப்போட போச்சுன்னா தலைநகரத்துல மறுபடி ஒப்புதல் வாங்கணும், மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அங்க இருக்கறவங்க எதைத் திம்பாங்க?”

அவள் தலைகுனிந்தாள். விட்டாள். மூலையில் இருந்த கட்டத்தில் தன் முத்திரையைக் குத்தினாள்.

வளையம் பத்து நாளில் வரவில்லை. எட்டாம் நாளே கப்பலைக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதே வாரத்தில் முரொஸுமியைப் படைக்கு அழைத்து, மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தாள் பஞ்சம். படியெடுத்து முடிந்த பென்சில் படங்களை அழித்து, அதே தாளில் வேறு படம் போடுவது கூடத்தின் வழக்கம். அந்தப் படத்தையும் அழித்தார்கள். ரப்பர்த் துகளைத் தூரிகையால் கூட்டித் தள்ளினவளும் நொபுயேதான்.

இப்போது பதினோராம் மாதம். கப்பல் ஒன்பதாம் மாதக் கடைசியில் திரும்பி வந்துவிட்டது. முன் அறை முழுக்கத் தண்ணீரோடு, இரண்டு ஆள் குறைந்து.

“நொபு அக்கா, யாரோ மாலுமி வந்திருக்காரு. வாசல்லயே நின்னு மோந்து பாக்கறாரு,” என்றாள் பக்கத்து மேசை ஸதாயே. “நம்ம கூடத்துல என்ன மணக்குது? மை நாத்தம்தான்.”

“மை நாத்தமே மேல் தங்கச்சி. எங்க கப்பல் நாத்தத்துக்கு இது மல்லிகைத் தோட்டம்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் அந்த ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் வெளுத்து, வெயிலே படாத கிழங்கு மாதிரி இருந்தது. “அறுநூத்தி முப்பத்தொண்ணாம் நம்பர்ல எஞ்சின் பாக்கறவன். வகிஸாகா. பழுதுபாக்க வேண்டியதையெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். யார்கிட்ட குடுக்கணும்?”

கனெஷிகே கப்பல் கட்டும் தளத்துக்குப் போயிருந்தார். பட்டியலை வாங்கிவைக்கும் முறை நொபுயேவுடையது. ஒரு முக்காலியைக் காட்டினாள். ஸதாயே வெந்நீரில் வறுத்த பார்லியைப் போட்டு ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள்.

“டீ இல்லீங்க. டீ மாதிரி நிறம் மட்டும்தான் இருக்கும்,” என்றாள்.

“நிறம் போதும். நாங்க டார்பிடோ இல்லாத போர்க்கப்பல்ல போறவங்க. பேருக்கு இருந்தாப் போதும்னு பழகிட்டோம்.” அவர் ஒரு வாய் குடித்தார். “எங்ககிட்ட ஒரு டார்பிடோக்காரன் இருந்தான், இடயான்னு. குழாயே இல்லாத கப்பல்ல டார்பிடோக்காரன். அரிசி மூட்டை தூக்கறதுதான் அவனுக்கு வேலை. ‘ஒரு நாள் இந்த மூட்டையையே எதிரி மேல விடறேன் பாரு’ம்பான்.”

இருந்தான் என்கிற வார்த்தை நொபுயேவின் காதில் தங்கியது. பட்டியலைக் கையில் வாங்கினாள். ஏழாவது வரியில் ‘முன்தள வாய், மூடி, விளிம்பு’ என்று இருந்தது. அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

“இதுக்கு என்ன செய்யணும்னு எழுதலீங்களே,” என்றாள்.

“என்ன எழுதறதுன்னு தெரியல.” கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். “அந்த வாயைப் பெருசாக்கச் சொன்னதே நான்தான். மொத தடவை போனப்ப மூட்டை நகரவே இல்ல. ரெண்டாம் தடவை அருமையா இருந்துச்சு தங்கச்சி, பொய் சொல்லக் கூடாது. ரெண்டு ஆள் தோளோட தோளா நிக்கலாம். ஒண்ணரை மணி நேரத்துல அத்தனையும் இறக்கிட்டோம். படகுல வந்தவங்களுக்கு மூட்டையைப் பிடிக்கத் தெம்பு இல்ல. நாங்களே இறங்கி அவங்களையும் தூக்கிவிட்டு, அரிசியையும் தூக்கிவிட்டோம். ஒரு ஆளு மூட்டையில ஓட்டை போட்டு, பச்சை அரிசியை வாயில போட்டு மென்னுகிட்டே என்னைக் கும்பிட்டான்.”

ஸதாயே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“திரும்பற வழியில மேல ரெண்டு எதிரிக் கப்பல்கிட்ட மாட்டிக்கிட்டோம். குண்டு போட ஆரம்பிச்சான். கேப்டன் எம்பது மீட்டருக்கு இறக்கச் சொன்னாரு. எம்பது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்ல, நூறுக்கு வரைஞ்ச கப்பல். எழுபத்தி மூணுல அந்த வாய் கசிய ஆரம்பிச்சுது. மொதல்ல கண்ணீர் மாதிரி, அப்புறம் குழாய் மாதிரி. முன் அறையில இடயாவும் சமையக்காரரு கொமியாவும் இருந்தாங்க. கதவை அவங்க பக்கத்துலேர்ந்தே மூடித் திருகிட்டாங்க. நாங்க யாரும் சொல்லல. கொமியா கதவுக்கு அந்தாண்ட நின்னு, ‘ஊறுகாய் ஜாடி உங்க பக்கம்தான் இருக்கு, மூடி வைங்கடா’ன்னாரு. அவ்வளவுதான்.”

கூடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தளத்தில் எதையோ இறக்கியிருக்க வேண்டும்.

வகிஸாகா கோப்பையைக் கீழே வைத்தார். “பட்டியல் ஒரு சாக்கு. கேப்டன் நொஸகா ஒண்ணு கேட்டுவரச் சொன்னாரு. அவரு சாப்பிடறதில்ல. எந்நேரமும் அந்தப் படத்தோட நகலை வெச்சுகிட்டுப் பாக்கறாரு. தண்ணியில ஊறி நீலமெல்லாம் கரைஞ்சுபோச்சு, அதுல ஒரு எழுத்தும் இல்ல. ‘அதுல ஏதாவது எழுதியிருந்துச்சா வகிஸாகா, எவ்வளவு ஆழம்னு ஏதாவது? நான் சரியாப் படிக்கலையோ?’ன்னு கேட்டுகிட்டே இருக்காரு. எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா அவரு கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமாயிடுச்சு. தூக்கம் கெட்ட மனுஷன், இருந்ததுன்னு யாராவது சொன்னா நம்பிடுவாரு.” அவர் நேராக அவளைப் பார்த்தார். “இருந்துச்சா தங்கச்சி?”

நொபுயே பட்டியலை மேசையில் வைத்தாள். இல்லை என்றால் அது உண்மை. அந்த நகலில் எதுவும் இல்லை. ஆனால் அந்த இல்லைக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது. அதைச் சொல்லாத இல்லை எவ்வளவு உண்மை?

“உங்க நகல்ல எதுவும் இல்லீங்க,” என்றாள். “அவர் படிக்காம விடல.”

“நிச்சயமா?”

“நான்தான் படியெடுத்தேன்.”

அவர் எழுந்து நின்று, தொப்பியை எடுத்து, மாலுமிகள் அதிகாரிக்கு வணங்குவது போல அவளுக்கு வணங்கினார். அந்த வணக்கம் அவளை அடித்தது போலிருந்தது. போகும்போது வாசலில் திரும்பி, “டீக்கு நன்றி. நிறம் ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்று ஸதாயேவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மணி அடித்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு கலந்த சோற்று டப்பாவைத் திறந்தும் நொபுயே சாப்பிடவில்லை. பாதிதான் சொன்னேன் என்று நினைத்தாள். நான்கு மாதமாக என்னிடமே பாதிதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படியெடுக்கிறவளுக்குக் கண் போதும், மூளை வேண்டாம் என்று சேர்ந்த அன்றைக்கே இந்தக் கூடத்தில் சொன்னார்கள். அது ஒரு அவமானம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அது எத்தனை வசதி என்று தெரிந்துகொண்டேன். மூளை இல்லாதவளை யார் கேட்பார்கள்?

“அக்கா, சாப்பிடலன்னா கிழங்கை எனக்குத் தள்ளு. துக்கத்தை நீ வெச்சுக்கோ,” என்றாள் ஸதாயே. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நிஜமாவே உடம்பு சரியில்லையா?” என்றாள்.

நொபுயே டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

கனெஷிகே ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். பதினோரு நாளாக அவர் வீட்டுக்குப் போகவில்லை. வரைமேசைக்கு அடியில் ஒரு போர்வை சுருட்டி வைத்திருக்கிறார். வயிற்று வலிக்கான பொடியை ஆறின வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, அவளைத் தன் தடுப்பறைக்குள் கூப்பிட்டார்.

“குரஹாஷி, உட்காரும்மா.”

குடும்பப் பெயர் சொல்லி, உட்காரவும் சொன்னது புதிது. உட்கார்ந்தாள். மேசை மேல் அந்த வாயின் பென்சில் படம் புதிதாக விரித்திருந்தது. அவர் கையாலேயே வரைந்திருந்தார். ஓரத்தில் அந்த மூன்று வரி, முரொஸுமியின் சாய்வு இல்லாமல், நிமிர்ந்த எழுத்தில்.

“நாளன்னிக்கு விசாரணைக் குழு வருது,” என்றார். “இதை இன்னிக்குள்ள படியெடுத்துக் குடு. குறிப்போட. தேதி ஏழாம் மாசம் பதினாலு. உன் முத்திரை, என் முத்திரை. முரொஸுமியோடதை நான் பாத்துக்கறேன்.”

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது: குறிப்பு முதலிலேயே இருந்தது என்று ஆனால், தப்பு அதை மீறி இறங்கின கேப்டனுடையது. தனக்கு இத்தனை சீக்கிரம் விளங்குகிறதே என்பதில் ஒரு ஆச்சரியம்கூட வந்தது.

“தளத்துல இருந்த நகலுங்கய்யா?”

“திரும்ப வாங்கிட்டேன். கப்பல்ல இருந்தது ஊறிப்போச்சு. பழைய துணி இங்கதான் இருக்கு.” இழுப்பறையைத் தொட்டுக் காட்டினார். “யோசிச்சுப் பாரு. தப்பு இந்தக் கூடத்துலேர்ந்துன்னு ஆச்சுன்னா, இந்த வகையில கட்டற எல்லாக் கப்பலையும் நிறுத்திடுவாங்க. ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திறப்பாங்க. மூணு மாசம். மூணு மாசம் வரைக்கும் அந்தத் தீவுகள்ல யாரும் உயிரோட இருக்க மாட்டாங்க. நான் எனக்காகக் கேக்கல.”

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் இத்தனை கஷ்டம் இருக்காது. இந்த ஆள், நிப் தட்டுப்பாடு வந்தபோது தன் சொந்தப் பேனாக்களைக் கொண்டுவந்து பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர்.

“கேப்டன் நொஸகா?” என்று கேட்டாள்.

“ஒரு கண்டிப்பு. கொஞ்ச நாள் கரையில வேலை. அப்புறம் வேற கப்பல் குடுப்பாங்க. ஆளுங்க பஞ்சம், கேப்டனை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க.”

“அவர் நம்பிடுவாருங்கய்யா.”

“எதை?”

“படிச்சும் கவனிக்காம இறங்கிட்டோம்னு.”

கனெஷிகே பொடிக் காகிதத்தைச் சின்னச் சதுரமாக மடித்தார். “சாயந்திரம் நாலு மணிக்குள்ள குடுத்துடும்மா,” என்றார்.

படத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். துணியை விரித்து, சுண்ணாம்புப் பொடி தூவித் தேய்த்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். வேலையை ஆரம்பிக்கவே கூடாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் விசித்திரம். இந்தக் குறிப்பு மையில் ஏற வேண்டும். தளத்தில் இதே வாயோடு இன்னும் இரண்டு கப்பல் நிற்கிறது. ஒன்று வரும் மாதம் தண்ணீரில் இறங்கப் போகிறது. அதில் ஏறப்போகிற எஞ்சின்காரனுக்கும் சமையல்காரனுக்கும் இது தெரிய வேண்டும்.

விளிம்பின் வட்டத்தைப் போட்டாள். மூடியின் கீல்கள், திருகாணிகள். வட்டத்தின் ஆரத்தைக் கவராயத்தில் வைத்தபோது, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். இரண்டு ஆள் தோளோடு தோள். நாலு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு கோட்டுக்கு உள்ளே யாரோ நிற்பது தெரிந்தது. கொமியாவுக்கு என்ன வயது என்று கேட்டிருக்கலாம்.

மூன்று வரிகளையும் எழுதினாள். எழுத்தை நிமிர்த்தாமல், முரொஸுமி எழுதின மாதிரி சாய்த்து எழுதினாள். கை இப்போதும் நடுங்கவில்லை. இதற்கும் நடுங்கவில்லை, அதற்கும் நடுங்கவில்லை. அப்படியானால் கையை நம்பிப் பயனில்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு: தேதிக் கட்டமும் முத்திரைக் கட்டமும்.

சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். கெட்டி மரத்தில் செதுக்கின, சுண்டுவிரல் அளவு முத்திரை. போன மாதம் விமானத் தாக்குதல் ஒத்திகையில் படியில் விழுந்து, வட்டத்தின் ஓரம் கொஞ்சம் உடைந்துவிட்டது. அன்று முதல் அவள் குத்தும் ஒவ்வொரு சிவப்பு வட்டத்திலும் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பல் விழுந்த இடைவெளி இருக்கும். ஏழாம் மாதத்து முத்திரைகளில் அது கிடையாது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மிகவும் மென்மையாக, நல்லவர்கள் வீட்டுக்குள் வருவது போல வந்தது.

குத்திவிடு. பழைய தேதியையே போட்டுக் குத்திவிடு. ஏழாம் மாதத்துத் தாள் ஒன்றில் பத்தாம் மாதத்து உடைசல் இருக்கும். விசாரணைக்கு வருகிறவர்கள் கூர்மையானவர்கள். யாராவது ஒருத்தர் இந்தத் தாளை எட்டாம் மாதத்துத் தாளோடு சேர்த்துவைத்துப் பார்ப்பார். உண்மை தானாக வெளியே வரும். நீ யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. சொன்னதைச் செய்தவள் என்ற பேரும் மிஞ்சும்.

அவள் முத்திரையின் உடைந்த ஓரத்தை விரலால் தடவினாள். எத்தனை அழகான வழி. எத்தனை எனக்குப் பொருத்தமான வழி. ஏழாம் மாதத்தில் தலைமைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டேன். இப்போது விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று குத்துவேன். யாருமே சேர்த்துவைத்துப் பார்க்காவிட்டால்? பல் விழுந்த வட்டத்தை யாருமே கவனிக்காவிட்டால், நொஸகா என்கிற ஒரு மனிதர் தான் படிக்காத மூன்று வரியைப் படித்து மறந்ததாக நம்பிக்கொண்டு மிச்ச நாளை வாழ்வார். நானோ, ‘அடையாளம் வைத்தேனே, அவர்கள்தான் பார்க்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டு வாழ்வேன்.

இல்லை. யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமாக இதை விடக் கூடாது.

பேனாவில் மை நிரப்பினாள். படத்தில் மாற்றம் செய்தால், மாற்றின இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு, அதற்குள் எத்தனையாவது மாற்றம் என்று எண் எழுத வேண்டும். ஓரத்துப் பட்டியலில் அந்த எண்ணையும் மாற்றின நாளையும் பதிய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் பழகின முறை. ஏழாம் மாதத்தில் அந்த முறையையும் சேர்த்துத்தான் விட்டிருந்தாள். மூன்று வரிக்குப் பக்கத்தில் முக்கோணம் போட்டாள். பட்டியலில், அன்றைய தேதியைச் சக்கரவர்த்தியின் ஆண்டுக் கணக்கில் போட்டு எழுதினாள்: குறிப்பு சேர்க்கப்பட்டது. ஷோவா பத்தொன்பது, பதினோராம் மாதம், எட்டாம் தேதி. அதற்கு எதிரே முத்திரையை அழுத்தினாள். உடைந்த ஓரம் தெளிவாக விழுந்தது.

“அக்கா,” என்றாள் ஸதாயே, கழுத்தை நீட்டிப் பார்த்து. அவள் உதடு அந்தத் தேதியை ஒருமுறை சத்தமில்லாமல் படித்தது. தடுப்பறையில் அவர் என்ன கேட்டார் என்பது கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. மெல்லிய பலகைத் தடுப்பு அது. “உன்னை வார்ப்பாலைக்கு மாத்திடுவாங்க. அங்க மை கிடையாது, கரிதான்.”

“கரியும் கறுப்புதானே.”

“தமாஷ் பண்ணாத. எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்று சொல்லிவிட்டு நொபுயே ஊசிகளைப் பிடுங்கினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கனெஷிகே துணியை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோடுகளை ஒரு பொறியாளர் பார்க்கிற மாதிரி, ஓரத்திலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு வந்தார். “நல்ல கை உனக்கு,” என்றார். அப்புறம் பட்டியலுக்கு வந்து நின்றார்.

வெளியே தளத்தில் இரும்பைப் பற்றவைக்கிறவர்களின் நீல வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது.

“தேதி,” என்றார்.

“இன்னிக்கு எழுதினதுங்கய்யா. அதனால இன்னிக்குத் தேதி.” அவள் தொடர்ந்தாள். “இதுலேர்ந்து நகல் எடுத்து, தளத்துல இருக்கற ரெண்டு கப்பலுக்கும் இப்பவே அனுப்பிடலாங்கய்யா. வளையம் வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தெரியணும்.”

“நான் அதைக் கேக்கலம்மா.”

“தெரியுங்கய்யா.”

அவர் துணியை மேசையில் பரப்பினார். கோபப்படுவார் என்று அவள் தயாராக வந்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. களைப்பாக, கிட்டத்தட்டத் தயவாகப் பேசினார்.

“விசாரணையில உன்னையும் கூப்பிடுவாங்க. பழைய துணியில படியெடுத்தவ முத்திரை உன்னோடதுதான். நீ விட்டதா ஆகும்.”

“நான்தானே விட்டேன். கேட்டா அப்படியே சொல்லுவேன்.”

“யார் விடச் சொன்னதுன்னு கேட்டா?”

“அதையும் சொல்லுவேங்கய்யா.”

அவர் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து சவரத் தகடு ஒன்றை எடுத்து, துணியின் மேல், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வைத்தார். கூடத்தில் எல்லாரும் தப்பான கோட்டைச் சுரண்டுவது அப்படித்தான். நல்ல கை சுரண்டினால் அடையாளமே தெரியாது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மைப் பெட்டியையும் வைத்து, மூடியைத் திறந்தார்.

“ரெண்டு எண்ணு, ஒரு வட்டம். அஞ்சு நிமிஷ வேலை,” என்றார். “நான் உத்தரவு போடல. கேட்டுக்கறேன்.”

நொபுயே நேராக நின்று, இடுப்பு வளைய, முறையாக வணங்கினாள். சவரத் தகட்டை எடுத்து அதன் காகித உறைக்குள் போட்டாள்.

“முடியாதுங்கய்யா,” என்றாள்.

பிறகு சிவப்பு மைப் பெட்டியின் மூடியை மூடி, இரண்டையும் அவர் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தாள்.